டயருக்குள் தொலையும் சக்தி

1891 செப்டம்பரில் பாரிஸிலிருந்து ஒரு சைக்கிள் பந்தயம் கிளம்பியது. மேற்கே அட்லாண்டிக் கரையில் இருக்கும் பிரெஸ்ட் துறைமுகம்வரை போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1200 கி.மீ. நடத்தியது ‘பெத்தி ழூர்னால்’ நாளிதழ். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்து அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1888-இல். பலர் இன்னும் கெட்டி ரப்பர் வளையத்தையே நம்பிப் புறப்பட்டார்கள். ஆனால் முன்னணியில் மோதிக்கொண்ட இருவரும் காற்றை நம்பினார்கள். ழியெல்-லவாலின் சக்கரங்களில் டன்லப் டயர். ஷார்ல் தெரோனின் சக்கரங்களில் மிஷெலின் சகோதரர்கள் புதிதாகக் கொண்டுவந்திருந்த, ரிம்மிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய டயர்.

மூன்றாம் நாள் இரவு லவால் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தெரோன் அவரைத் தாண்டினார். 71 மணி 22 நிமிடத்தில் பாரிஸுக்குத் திரும்பினார். வழியில் இருவருக்கும் பஞ்சர் ஆனது; சரிசெய்ய ஒரு மணி நேரம் பிடித்தது. அப்படியிருந்தும், பஞ்சர் என்ற கவலையே இல்லாத கெட்டி ரப்பர்க்காரர்களால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

ரோட் பைக்குக்கு டயர் வாங்கப் போகும் ஒவ்வொருவர் மனதிலும் இன்று இருக்கும் கேள்வி அந்தப் பந்தயத்திலேயே இருக்கிறது. வேகமான டயர் சீக்கிரம் தேயும், கிழியும். நன்றாக உழைக்கும் டயர் மந்தமாக ஓடும் என்று கடையில் சொல்வார்கள், கூட ஓட்டுகிறவர்களும் சொல்வார்கள். அப்படியானால் எவ்வளவு உழைப்புக்காக எவ்வளவு வேகத்தை விட்டுக்கொடுப்பது? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். போட்டுப் பார்த்தால், வேகத்தையும் ஆயுளையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவது முழு உண்மை அல்ல என்பது தெரியும். இரண்டையும் ஒருசேரக் கூட்டும் வழி ஒன்று உண்டு. நெடுங்காலம் அதை யாரும் சட்டை செய்யவில்லை.

முதலில் சக்தி எங்கே போகிறது என்று பார்ப்போம். சக்கரம் உருளும்போது டயரில் தரையைத் தொடும் பகுதி தட்டையாகிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் தரையை விட்டு எழுந்து பழைய வளைவுக்குத் திரும்புகிறது. நசுக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் திருப்பித் தருகிறது. ஆனால் முழுவதையும் தருவதில்லை. நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக்கிடக்கும் பொருள் ரப்பர். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு நடுவே பாலங்கள் விழுகின்றன. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். பாலங்கள் இருப்பதால் இழுத்த ரப்பர் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. வரும் வழியில் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலில் கொஞ்சம் சக்தி வெப்பமாகிவிடுகிறது. இதற்கு ஹிஸ்டெரிசிஸ் இழப்பு என்று பெயர். டயர் உருள்வதைத் தடுக்கும் விசையில் பெரும்பங்கு இதுதான். தரையோடு உரசுவதால்தான் டயர் இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இழுப்பது பெரும்பாலும் டயரின் உள்ளே நடக்கும் உரசல்.

இப்போது கணக்கு. டயர் மேல் அழுத்தும் எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்பதே உருள் தடைக் குணகம். நல்ல பந்தய டயருக்கு அது 0.004 அளவில் இருக்கும். தடித்த, பஞ்சர் தாங்கும் டயருக்கு 0.006 என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 25 கி.மீ. என்றால், முதல் டயர் ஜோடிக்கு 23 வாட் போகிறது. இரண்டாவதற்கு 35 வாட். வித்தியாசம் 12 வாட். சமதரையில், எதிர்க்காற்று இல்லாத நாளில், அந்த வேகத்தில் போக ஒரு சாதாரண ஓட்டுநர் செலவிடுவதே மொத்தம் 100 வாட் அளவுதான். ஆக, எட்டில் ஒரு பங்கு உழைப்பைத் தடித்த டயர் கூடுதலாகத் தின்றுவிடுகிறது. அதே உழைப்பில் தடித்த டயரை மிதித்தால் வேகம் 25-லிருந்து 24-க்கு இறங்கும். 200 கி.மீ. பயணத்தில் இது 20 நிமிடம்.

ரோட்டோரத்தில் டியூப் மாற்ற, பழகிய கைக்கு 10 முதல் 15 நிமிடம் ஆகும். எனவே மெல்லிய டயரில் 200 கி.மீ.க்கு ஒரு பஞ்சர் கூடுதலாக வந்தாலும் நேரத்தில் நஷ்டமில்லை. கெட்டி ரப்பர்க்காரர்கள் தோற்றதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் எல்லாவற்றையும் நேரத்தால் அளந்துவிட முடியாது. இரவு இரண்டு மணிக்கு, மழையில், லாரிகள் உரசிக்கொண்டு போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் குந்தி டியூப் மாற்றுவதை எத்தனை நிமிடம் என்று சொல்வது? இன்னொரு பக்கம், தினமும் வேலைக்கு 10 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மெல்லிய டயரால் மிச்சமாவது ஒரே நிமிடம். ஒரு நாள் பஞ்சர் ஆனால் பல நாள் மிச்சம் போய்விடும், அலுவலகத்துக்கும் தாமதம். அவருக்கு ஷ்வால்பே மராத்தான் பிளஸ் போன்ற கவச டயர்தான் சரி. அதில் மேல் ரப்பருக்குக் கீழே 5 மி.மீ. தடிப்பில் இன்னொரு ரப்பர் அடுக்கு இருக்கிறது. எடை பந்தய டயரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எடையை அவர் வருந்தாமல் சுமக்கலாம். இந்த அத்தியாயம் அவருக்கானது அல்ல. 100, 200, 300 கி.மீ. என்று ஓட்டுகிறவர்களுக்கானது.

டயரை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு இருக்கும். கீழே நூல் துணி, நடுவே ஒரு காப்புப் பட்டை, மேலே தரையைத் தொடும் ரப்பர். கடையில் எல்லோரும் மேல் ரப்பரைத்தான் நகத்தால் அழுத்திப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது துணியை. டயருக்கு உருவம் தருவது துணி; காற்றின் அழுத்தத்தைத் தாங்குவதும் அதுதான். பெரும்பாலும் நைலான் நூல், ரப்பரில் தோய்த்துச் சாய்வாகப் படியவைத்தது. நூல் மெல்லியதாக இருந்தால் இடையில் நிரப்ப வேண்டிய ரப்பர் குறையும். டயர் தடையில்லாமல் வளையும். வேட்டியை மடிப்பதற்கும் கோரைப்பாயை மடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பருத்தி நூலில் செய்யும் பந்தய டயர்களில் ஓர் அங்குலத்துக்கு 320 நூல்வரை வரும். மலிவான டயரில் 60 இருக்கும், சில சமயம் அதற்கும் குறைவு.

அட்டையில் அச்சிட்டிருக்கும் நூல் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. சில நிறுவனங்கள் ஒரு அடுக்கின் எண்ணிக்கையைச் சொல்லும். சில நிறுவனங்கள் அடுக்குகளைக் கூட்டிச் சொல்லும். கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000-க்கு 330 என்று போடுகிறார்கள். அது 110 நூல் கொண்ட மூன்று அடுக்கு. ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் இந்த 330-ஐயும் அந்த 320-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை. மிக மெல்லிய நூலுக்கு வேறொரு விலையும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் மேல் ரப்பர் கிடையாது. துணியும் அதன் மேல் ஒரு பூச்சும்தான். கூரான ஜல்லி ஒன்று அங்கே கீறினால், அடிப்பகுதி தேயாமல் புதிதாக இருந்தாலும் டயர் முடிந்துபோகும். பழுதுபட்ட தார்ச்சாலை, ஜல்லி, மண் என்று ஓட்டுகிறவர் பக்கச்சுவருக்கும் காப்புத் துணி போட்ட டயரைத் தேடுவது நல்லது. கான்டினென்டலில் கேட்டர்ஸ்கின், ஃபோர் சீசன் இரண்டிலும் இது உண்டு.

நடுவே இருக்கும் பட்டை வெட்டைத் தாங்குவதற்கு. அராமிட் இழைகள் இந்த வேலைக்குப் புகழ்பெற்றவை. கெவ்லார் என்று நாம் அறிந்த இழையை 1965-இல் டூபான்ட் ஆய்வகத்தில் கண்டவர் ஸ்டெஃபனி குவோலெக். எடைக்கு எடை எஃகைவிட வலிமையானது, நீளவே நீளாது. மடித்து எடுத்துப்போகும் டயர்களின் விளிம்பில் எஃகுக் கம்பிக்குப் பதில் இருப்பது இந்த இழை. ஆனால் நீளாத பொருளை டயரின் அடிப்பகுதியில் கனமாகப் போட்டால் டயர் விறைத்துவிடும். அதனால் வேகமான டயர்களில் வெக்ட்ரான் போன்ற நுண்ணிழைகளால் மெல்லிய, குறுகிய பட்டை ஒன்றை மட்டும் வைக்கிறார்கள். கண்ணாடிச் சில்லை அது ஓரளவு தடுக்கும். ஊசி போன்ற முள்ளை எந்த மெல்லிய பட்டையும் முழுதாகத் தடுக்காது. நூலை விலக்கிக்கொண்டு முள் உள்ளே போய்விடும்.

மேல் ரப்பரின் வேதியியல் அழகானது. தொடக்க கால டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. கரிக்கறுப்பு என்னும் நுண்ணிய கரித்தூளைச் சேர்த்தால் ரப்பரின் தேய்மானம் பெரிதும் குறையும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார்கள். அதிலிருந்து டயர் கறுப்பானது. துகள்கள் ரப்பருக்குள் ஒன்றோடொன்று ஒட்டி வலை போல் நிற்கும். டயர் ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் அந்த வலை உடைந்து மறுபடி கூடும். அதிலும் சக்தி வீணாகும். 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின், கரிக்கறுப்பில் பெரும்பங்கை எடுத்துவிட்டு சிலிக்காவைப் போட்டது. சிலிக்கா சும்மா கலந்தால் ரப்பரோடு சேராது. சிலேன் என்னும் வேதிப்பொருள் ஒரு கையால் சிலிக்காவையும் மறு கையால் ரப்பரையும் பிடித்துக்கொள்ள, வலை உடைவது குறைந்தது. உருள் தடையும் இறங்கியது. ஈரச்சாலைப் பிடிப்போ கெடவில்லை, கூடியது.

எப்படி? பிடிப்பும் ஹிஸ்டெரிசிஸால் வருவதுதானே, ஒன்றைக் குறைத்தால் மற்றது குறைய வேண்டாமா என்று கேட்கலாம். விடை அதிர்வெண்ணில் இருக்கிறது. சைக்கிள் சக்கரம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு நான்கு முறைதான் சுற்றுகிறது. உருளும்போது ரப்பர் நசுங்கி எழுவது ஒப்பளவில் மெதுவான அசைவு. பிரேக் பிடிக்கும்போது தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மேல் ரப்பர் வழுக்கிப் போகிறது. அங்கே அதிர்வு நொடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில். மெதுவான அசைவுக்குச் சக்தியைத் திருப்பித் தந்து, வேகமான அதிர்வுக்கு அதை விழுங்கிக்கொள்ளும் ரப்பர்தான் வேதியியலாளரின் கனவு. டயர்த் தொழிலில் உருள் தடை, ஈரப் பிடிப்பு, தேய்மானம் மூன்றையும் மாய முக்கோணம் என்பார்கள். ஒரு மூலையை இழுத்தால் இன்னொன்று கோணும். வெறுமனே கெட்டியான ரப்பரைப் போட்டு ஆயுளைக் கூட்டிய டயர் பல ஆயிரம் கி.மீ. தேயாமல் ஓடும், மழையில் வளைவில் வழுக்கும். நெடுநாள் உழைக்கும் என்பதற்காக மட்டும் டயர் வாங்குகிறவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரு முறை வழுக்கி விழுந்தால் போகும் தோலும் எலும்பும் எத்தனை டயர் விலை?

இனி, வேகத்தையும் ஆயுளையும் ஒருசேரத் தரும் வழி. அகலம்தான் அது.

நெடுங்காலம் பந்தய வீரர்கள் 20, 23 மி.மீ. டயரில் கல்லாக ஆகும்வரை காற்றடித்து ஓட்டினார்கள். ஆய்வகத்தில் வழுவழுப்பான எஃகு உருளைமேல் டயரை ஓடவிட்டு அளந்தால், காற்று ஏற ஏறத் தடை குறையும். அது உண்மையும்கூட. ஆனால் சாலை எஃகு உருளை அல்ல. கரடான சாலையில் விறைத்த டயர் ஒவ்வொரு பருக்கைக்கும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. உடம்பின் தசையும் கொழுப்பும் அந்த அதிர்வை வாங்கி வெப்பமாக்குகின்றன. அந்தச் சக்தியும் நம் காலிலிருந்து போனதுதான். ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழை நடத்திய யான் ஹைனேவும் அவர் குழுவும் நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகள்மேல் ஓட்டி அளந்து, இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று காட்டினார்கள். உருளை எந்திரச் சோதனையில் டயர்மேல் மனிதன் உட்காராததால் அது கணக்கில் வராமலே இருந்தது.

அகலமான டயர் என்ன செய்கிறது? பின் சக்கரத்தின்மேல் 50 கிலோ அழுத்தினால், 6 பார் காற்றில் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 8 சதுர செ.மீ.; டயர் 23 ஆனாலும் 28 ஆனாலும் அதே பரப்புதான். ஒடுங்கிய டயரில் அது நீளமாக விழும், அகன்ற டயரில் குட்டையாக, பரந்து விழும். குட்டையாக விழுந்தால் டயர் அமுங்கும் ஆழம் குறைவு. எனவே அதே அழுத்தத்தில் அகன்ற டயரின் உருள் தடையும் குறைவு. அந்த லாபத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துக் காற்றை இறக்கினால், அதிர்வும் போய்விடும். பிராங்க் பெர்ட்டோ என்ற பொறியாளர் சொன்ன அளவு இன்றும் நல்ல தொடக்கம்: ஆள் ஏறி உட்கார்ந்தால் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்க வேண்டும்.

ஆயுளுக்கும் இதே அகலம் உதவுகிறது. தேய்வதற்கு ரப்பர் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும் பஞ்சர், டயர் உயரமாக இருந்தால் அரிது. காற்று குறைவாக இருப்பதால் கூர்க்கல்லின்மேல் ஏறினால் டயர் அதைச் சுற்றி வளைந்துகொடுக்கும். விறைத்த டயர் கல்லின் கூரைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். எடை சில பத்து கிராம் கூடும், காற்றெதிர்ப்பும் சிறிது கூடும். மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் தனியாகப் பறக்கிறவருக்கு அது பொருட்டு, நமக்கு அல்ல. ஃபிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான, மெல்லிய துணியால் ஆன, நடுத்தரக் காப்புப் பட்டை உள்ள டயர் என்பதே என் தேர்வு. டிஸ்க் பிரேக் சைக்கிளில் 30 அல்லது 32. பழைய ரிம் பிரேக்கில் 25, இடமிருந்தால் 28. மெல்லிய 25-க்குக் கவசம் போடுவதைவிட, கவசமில்லாத 30-க்கு மாறுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

கவசம் எதைத் தடுக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். பெரும்பாலான பஞ்சர் ஒரே குத்தில் நடப்பதில்லை. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். அதில் பதிந்த கண்ணாடிச் சில்லு 10 கி.மீ.க்குள் ஏறத்தாழ 4,750 முறை தரையால் அடிக்கப்பட்டு, அடிக்கு அடி உள்ளே போகிறது. நம் நெடுஞ்சாலைகளில் கண்ணாடியைவிட மோசமானது லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகளிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி. முடிபோல் மெல்லியது, கண்ணில் படாது. கவச டயரையும் மெதுவாகத் துளைத்துவிடும். மழை நாளில் பஞ்சர் கூடுவதற்கும் காரணம் உண்டு: குப்பை ஓரத்துக்கு அடித்துவரப்படுகிறது, ஈரம் பட்ட ரப்பரைக் கூர்முனை எளிதாக வெட்டுகிறது. ஓட்டி முடித்ததும் டயரைத் துடைத்து, பதிந்ததைக் குண்டூசியால் நோண்டி எடுப்பது எந்தப் பட்டையும் தராத பாதுகாப்பு. பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போட்டால், அதே கம்பி அதையும் குத்தும்.

டியூப்லெஸ் இதற்கு வேறு விதமான மருந்து. டியூபுக்குப் பதில் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம், ஓட்டை வழியே காற்றோடு பீறிட்டு அங்கேயே உறைந்து அடைக்கிறது. கம்பி, முள் போன்ற சிறு துளைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அழுத்தம் அதிகமாக இருந்தால் பால் உறைவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். எனவே இதுவும் அகன்ற டயருக்கே பொருந்துகிறது. டயரைப் பிடிக்க விளிம்பில் கொக்கியில்லாத ரிம்மில் 5 பாருக்கு மேல் அடிக்கவே கூடாது என்பது தர விதி. நம் வெயிலில் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

மேல் ரப்பரில் வெட்டியிருக்கும் கோலங்களுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். காரில் அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றி, டயர் நீரின்மேல் மிதப்பதைத் தடுக்கின்றன. விமான டயர்களுக்காக நாசா வகுத்த சூத்திரத்தின்படி மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 80 பி.எஸ்.ஐ. அடித்த டயருக்கு அது மணிக்கு 149 கி.மீ. சைக்கிள் டயர் ஒடுக்கமானது, வளைந்த முதுகு கொண்டது. தண்ணீர் அதன் கீழே தங்காது. வழுவழுப்பான டயர் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பதற்குக் காரணம் ரப்பரின் குணம், கோலம் அல்ல.

எப்போது மாற்றுவது? பின் டயர் முன் டயரைவிட வேகமாகத் தேயும். எடையில் ஐந்தில் மூன்று பங்கு அதன் மேல், மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே போகிறது. நடுமுதுகு தட்டையாகிச் சதுரமாகத் தெரிந்தால், சிறு அடையாளக் குழிகள் மறைந்தால், அல்லது நூல் எட்டிப் பார்த்தால் அதன் காலம் முடிந்தது. சாகப்போகும் டயர் இன்னும் வேகமாக ஓடும் என்பது விந்தை: நசுங்க வேண்டிய ரப்பர் குறைந்துவிட்டது. அந்த வேகத்தில் மயங்கி இன்னும் 500 கி.மீ. இழுப்பவர்களுக்குத்தான் அடுத்தடுத்துப் பஞ்சர் வரும்.

புது டயர் ஒன்றை வாங்கினால் அதைத் தேய்ந்துபோன பின் சக்கரத்தில் மாட்டாதீர்கள். முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுங்கள். பின் டயர் திடீரென்று காற்றிழந்தால் சைக்கிள் ஆடும், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். முன் டயர் இழந்தால் கைப்பிடி நம் பேச்சைக் கேட்காது. திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கும் அந்தச் சக்கரத்தின் வேலை. தேய்ந்த பின் டயரை ‘இன்னும் கொஞ்சம் ஓடும்’ என்று முன்னால் மாற்றும் பழக்கம் பல பஞ்சர் கடைகளில் இருக்கிறது; வேண்டாம் என்று சொல்லி, பழையதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.